எழுபத்திரண்டு வண்ணத்துப்பூச்சிகள்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். நீர்வேலிக்கு அந்தப் பக்கம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விஞ்ஞான ஆசிரியர், பெயர் ஜெயசுதன். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டிய ஆட்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லாதபடியால் எல்லாருக்கும் சேர்த்து நானே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கியது ஒழுங்காகத்தான். பள்ளிக்கூட வளவுகளுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளை மாணவர்களே எண்ணி அனுப்பும் ஒரு திட்டம் இருந்தது. நாடெங்கும் இருந்து வரும் எண்களைச் சேர்த்து, எந்த இனம் குறைகிறது, எது இடம் மாறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்ப்பார்கள். பிள்ளைகள் செய்யவேண்டியது சுலபமான வேலை. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே பாதையில் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்து, கண்டதை எழுதவேண்டும்.

எட்டாம் வகுப்பில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை இடைவேளையில் வாசலில் இருந்து புறப்பட்டு, வேலியோரமாகப் போய், கிணற்றடியைச் சுற்றி, மலசலகூடத்துக்குப் பின்னால் இருந்த எருக்கலைப் பற்றை வரைக்கும் நடப்போம். நாங்கள் காண்பதில் பாதிக்கு மேல் அந்தப் பற்றையில்தான் நிற்கும். செம்மஞ்சள் இறக்கையில் கறுப்புக்கரை போட்ட ஓர் இனம், எங்கள் வளவில் எருக்கலை இலையில்தான் முட்டையிட்டது. அதன் புழுவும் அந்த இலையைத்தான் தின்று வளர்ந்தது. பிள்ளைகள் அதற்குக் 'கரைச்சீலை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பதிவுக்கொப்பி தனுசியாவிடம் இருந்தது. வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மகள். அதிகம் கதைக்கமாட்டாள். முதல்நாள் கொப்பியில் கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சேர், எத்தினை வரவேணும்?"

அவள் கேட்டதில் பிழையில்லை. பரிசோதனைக் கொப்பியில் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு செய்முறையை எழுதுவது எங்கள் வழக்கம். பொருட்கள் வந்தால் பரிசோதனையையும் செய்வோம். ஆனாலும் அன்றைக்கு எனக்கு என்னவோ உசார் பிடித்திருந்தது.

"எத்தினை வரவேணும் எண்டு ஒண்டும் இல்லை, பிள்ளை. எத்தினை கண்டியோ அத்தினையை எழுது. ஒண்டையும் காணாட்டி, காணேல்லை எண்டு எழுது. அதுதான் விஞ்ஞானம்."

இந்த வசனத்தை நான் சொன்னதற்குப் பதினொரு சாட்சிகள் இருக்கிறார்கள்.

தனுசியா அதைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு, ஒரு நல்ல மழைக்குப் பிறகு அறுபது. பென்சிலால் எழுதினாலும் அழிறப்பர் பட்ட இடம் ஒன்றுகூட அந்தக் கொப்பியில் இல்லை. ஒரு நாள் பெரிய நீலப் பூச்சியொன்று வேலிக்கு மேலால் வந்து திரும்பிப் போனது. எழுதச் சொல்லிப் பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள், நானும் எழுதலாம் என்றேன். "அது வேலிக்கு அங்காலைதான் சேர் நிண்டது, எங்கடை வளவுக்குள்ளை வரேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்தச் செய்தி வலயக் கல்விப் பணிமனைக்கு எட்டியதற்கும் நானேதான் காரணம். பிள்ளைகள் கொப்பியோடு நிற்கும் படமொன்றை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன், பாராட்டு வரும் என்ற ஆசைதான். பாராட்டுக்குப் பதிலாக உதவிக் கல்விப் பணிப்பாளர் எமில்ராஜ் வந்தார். விஞ்ஞானத்துக்குப் பொறுப்பான அதிகாரி. நல்ல மனுசன், ஒருவரையும் கடிந்து கதைக்கமாட்டார். எதைக் கண்டாலும் அதற்கொரு படிவம் வரையாமல் விடமாட்டார் என்பதைத் தவிர அவரில் வேறு குறை இல்லை.

"போன கிழமை எத்தினை?" என்று கேட்டார்.

"நாப்பத்தொண்டு, சேர்."

"அதுக்கு முந்தின கிழமை?"

"அம்பத்திரண்டு."

அவருடைய முகம் வாடிவிட்டது. "குறைஞ்சிருக்கு. என்ன நடவடிக்கை எடுத்தனீங்கள்?"

"மழை இல்லை, சேர். வெயிலுக்குக் குறையும். மழை பெய்தால் திரும்பக் கூடும்."

"மழை எங்கடை திணைக்களம் இல்லை, மாஸ்ரர். எங்கடை கையிலை இருக்கிறதைக் கதைப்பம். இலக்கு எவ்வளவு வைச்சிருக்கிறியள்?"

"இலக்கு எண்டு இல்லை, சேர். கண்டதைத்தான் எழுதுறம்."

"இலக்கு இல்லாமல் எப்பிடிக் கூடும்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். "உதுகளுக்கும் ஒரு இலக்கு இருக்கவேணும்தானே."

அங்கேயே கல்குலேற்றரை எடுத்தார். இதுவரை வந்ததில் ஆகக் கூடியது அறுபது. தவணைக்கு இருபது வீத வளர்ச்சி. எழுபத்திரண்டு. அந்த எண் இப்படித்தான் பிறந்தது. அதற்கும் எந்தப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த கிழமை படிவம் வந்தது. அதற்கு 'வ.பூ. 4' என்று பெயர். ஒன்று, இரண்டு, மூன்று எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன், அவை இன்னும் தயாராகவில்லை என்றார். மாணவர் வரவுப் படிவத்தைத்தான் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். நிரல்களின் தலைப்புகள் ஆண், பெண், மொத்தம், புதிதாகச் சேர்ந்தவை, இடமாற்றம் பெற்றுச் சென்றவை, இடைவிலகியவை, போசாக்கு மட்டம் என்று போயின. இடைவிலகிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு நேரே நான் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. "முன்னைய வாரத்தில் 52 ஆக இருந்தவை 41 ஆகக் குறைந்துள்ளபோதிலும் இடைவிலகல் எதுவும் காட்டப்படவில்லை. எஞ்சிய 11 வண்ணத்துப்பூச்சிகள் தொடர்பில் மூன்று தினங்களுக்குள் அதிபர் ஊடாக விளக்கமளிக்கவும்." கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு, பதினொன்றும் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டதாகப் பதில் எழுதினேன். எந்தப் பாடசாலைக்கு என்று திரும்பக் கேட்டார்கள். அயலில் இருந்த பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டேன். இரண்டு நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆசிரியை மேர்சி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஜெயசுதன், உங்கடை பதினொண்டு எங்களிட்டை வந்திட்டுதாம். வரவிலை காட்டேல்லை எண்டு எனக்கு விளக்கக் கடிதம் வந்திருக்கு. நான் இப்ப எங்கை போய்ப் பிடிக்கிறது?"

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம். என்னுடைய முதல் பொய் அப்படிச் சிரிப்போடுதான் போனது. அதனால்தான் அது பொய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்த இடத்தில் என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். மன்னாருக்கு அப்பால் ஆறு வருடம் படிப்பித்தேன். என் மகள் நடக்கத் தொடங்கியதை மனைவி அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். இப்போது வீட்டுக்குக் கிட்ட இருப்பது தற்காலிக இணைப்பில். தவணைக்கொரு தடவை வலயத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால்தான் அடுத்த தவணை இங்கே இருக்கலாம். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வைக்கப்படும் சிறு குறிப்பை எழுதுபவர் எமில்ராஜ். அவர் இதை ஒருநாளும் எனக்கு நினைவூட்டியதில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

தவணை முடிவதற்குள் எங்கள் பள்ளிக்கூடத்தில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' திறப்பது என்று வலயம் தீர்மானித்தது. பிரதம விருந்தினர் வலயக் கல்விப் பணிப்பாளர் அம்மா. நாள் புதன்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, வளவைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தார் எங்கள் அதிபர் சீவரத்தினம். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு விருந்தினரும் முகம் சுளிக்கக்கூடாது என்பது ஒன்றே அவருடைய ஆசை.

கத்தி, மண்வெட்டியோடு ஆட்கள் கிணற்றடிக்குப் போகும்போது அவர் எருக்கலையைக் கண்டார்.

"உது என்ன உந்தப் பத்தை? மேடம் வாற பாதையிலை உது நிண்டா பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைப்பா?"

"அதிலை புழு இருக்கு, சேர்" என்றேன். "அதுகள்தான் வண்ணத்துப்பூச்சியா வாறது."

"ஜெயசுதன், அவவை வண்ணத்துப்பூச்சி காட்டக் கூப்பிடுறமோ, மயிர்க்கொட்டி காட்டக் கூப்பிடுறமோ? சீலையிலை ஏறினா ஆர் பதில் சொல்லுறது? நீரோ?"

"ரெண்டும் ஒண்டுதான், சேர்."

"ஒண்டா இருக்கட்டும். வளர்ந்தாப்பிறகு வரட்டும்."

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது பத்து விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பொறுப்பாசிரியர்தான் தொடக்கிவைக்க வேண்டும் என்று அதிபர் கத்தியை என்னிடம் நீட்டினார். படம் எடுக்க ஒருவர் போனோடு நின்றார். முதல் வெட்டு என்னுடையது. பால் வடிந்து என் காற்சட்டையில் பட்டது, அந்தக் கறை இன்னும் போகவில்லை. வெட்டியதைக் குவித்து அங்கேயே எரித்தோம். இலைகளில் வரிவரியாக இருந்த புழுக்கள் எரிவதை நான் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி மறுபக்கம் நின்றேன். தனுசியா தகப்பனோடு வந்திருந்தாள். அவள் பார்த்தாள்.

வெட்டிய இடத்தில் கடற்கரை மணல் பரப்பினார்கள். அதன்மேல் வாடகைக்கு எடுத்த குரோட்டன் சாடிகளை வரிசையாக வைத்து, 'பூக்களைப் பறிக்காதீர்' என்று பலகை நட்டார்கள். அவற்றில் பூ இருக்கவில்லை. திங்கட்கிழமை டெங்கு ஒழிப்புக்காரர் வந்தார்கள். விருந்தினர் வரும் இடம் என்று கேள்விப்பட்டு வளவு முழுக்க இரண்டு தரம் புகை அடித்துவிட்டுப் போனார்கள். அதிபர் அவர்களுக்குக் குளிர்பானம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் நாள். எனக்குப் போக மனம் வரவில்லை, ஆசிரியர் கூட்டம் என்று சொல்லிப் பிள்ளைகளை மட்டும் அனுப்பினேன். கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு தனுசியா கொப்பியோடு வந்தாள்.

"ஒண்டு கண்டனான், சேர். கரைச்சீலை. பத்தை எரிஞ்ச இடத்துக்கு மேலை சுத்திச் சுத்தி நிண்டது. இருக்கிறதுக்கு ஒண்டும் இல்லைத்தானே. பிறகு போட்டுது. இருக்காமல் போனதை எண்ணலாமோ?"

கொப்பியில் ஒன்று என்று ஏற்கெனவே எழுதியிருந்தாள். பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

என் மேசைக்குக் கீழே அடுத்த நாளுக்கான பதாகை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் பணிப்பாளர் அம்மாவின் படமும், அதைவிடச் சின்னதாக ஒரு வண்ணத்துப்பூச்சியின் படமும், '72 வண்ணத்துப்பூச்சிகளின் இல்லம்' என்ற எழுத்தும் இருந்தன. இணைப்புக் கடிதத்தின் தவணை அந்த மாதத்தோடு முடிகிறது.

"எழுபத்திரண்டு எண்டு போடு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள் எண்ணினீங்களோ, சேர்?"

"ஓம்."

"எப்ப, சேர்?"

"காலமை. நீங்கள் வர முந்தி."

அவள் நம்பினாள். சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கேவலமாக இருந்திராது. "அப்ப காலமை நிண்டிருக்கு" என்று முகம் மலர்ந்து, பையிலிருந்து அழிறப்பரை எடுத்துத் தன்னுடைய ஒன்றை அழித்தாள். அதன் கேள்விக்குறியையும் அழித்தாள். எந்தெந்த இனம் எத்தனை என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருபத்துநான்கு, பத்தொன்பது, பதினைந்து, பதினான்கு என்றேன். விரலில் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரியா வருது, சேர்" என்றாள். எண்ணியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள்.

அன்று மத்தியானம் எமில்ராஜ் தொலைபேசி எடுத்தார். நாடா வெட்டுவது பழைய முறையாம். பணிப்பாளர் அம்மா ஒரு பெட்டியைத் திறக்க எழுபத்திரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் பறக்கவேண்டுமாம். நான் பள்ளிக்கூடம் விடும்போது ஒலிபெருக்கியில், பிள்ளைகள் ஆளுக்கொரு வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து வரும்படி அறிவித்தேன். எண்ணச் சொல்லித் தொடங்கியவன் பிடிக்கச் சொல்லி முடித்தேன்.

புதன்கிழமை காலை ஹோர்லிக்ஸ் போத்தல்களிலும் பொலித்தீன் பைகளிலும் வந்தன. இருபத்தொன்பது. அவற்றில் விட்டில்கள் ஒன்பது, தும்பி நான்கு. இரண்டாம் வகுப்புப் பிள்ளையொன்று கரப்பான் கொண்டுவந்திருந்தது, பிள்ளையின் மனதை நோகடிக்க வேண்டாம் என்று அதையும் பெட்டிக்குள் போட்டோம். பெட்டி சீலைக்கடையில் கொடுத்தது, மேலே தங்கக் கடதாசி ஒட்டியிருந்தது. தனுசியா வெறுங்கையோடு வந்தாள்.

"நான் கொண்டரேல்லை, சேர். எங்கடை தோட்டத்திலை நிண்டதைக் கொண்டந்தா, தோட்டத்திலை நிண்டது எண்டுதானே எழுதவேணும்."

அப்போது வாசலில் பதாகையை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதை அண்ணாந்து வாசித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்திர ஆசிரியர் றமேஸிடம், "சேர், உது எப்ப அடிச்சது?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமையே அடிச்சு வந்திட்டுது, பிள்ளை" என்றார் அவர் பெருமையாக.

அவள் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விரல் மடித்ததை நான் கண்டேன். பிறகு வகுப்புக்குப் போனாள்.

விழா எட்டரைக்கு. பணிப்பாளர் அம்மா பத்தேகாலுக்கு வந்தார். பாண்ட் வாத்தியம் முழங்க அழைத்து வந்து, மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றினோம். ஐந்து திரிக்கு ஒன்பது முக்கியஸ்தர்கள் இருந்தபடியால் நான்கு பேர் எரிகிற திரியைத் திரும்பவும் ஏற்றினார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் காட்போட் இறக்கை கட்டி வெயிலில் ஆடினார்கள். அவர்களில் ஒன்று மயங்கி விழ, அது நடனத்தின் பகுதி என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை இரண்டு. இவ்வளவு நேரமும் தங்கப் பெட்டி மேடையின் ஓரத்தில், கூடாரத்துக்கு வெளியே, வெயிலில் இருந்தது.

கடைசியாகப் பணிப்பாளர் அம்மா ஒலிவாங்கிக்கு வந்தார்.

"நான் இந்தப் பதவிக்கு வந்தபோது இந்த வலயத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிகூடப் பதிவில் இருக்கவில்லை" என்று தொடங்கினார். "இன்று எழுபத்திரண்டு. அயல் வலயத்தில் முப்பத்தொன்று என்று கேள்விப்படுகிறேன். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் நல்ல நிர்வாகத்தைத் தேடித்தான் வரும். சிலர் என்னிடம் மழை இல்லை, வெயில் கூட என்று காரணம் சொன்னார்கள். நான் காரணங்களை ஏற்பதில்லை, எண்களைத்தான் ஏற்பேன். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆசிரியர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பிள்ளைகளே, உற்றுப் பாருங்கள், உண்மையை எழுதுங்கள். அடுத்த தவணை எங்கள் இலக்கு எண்பத்தேழு."

எழுபத்திரண்டுக்கு இருபது வீதம் கூட்டினால் எண்பத்தாறு தசம் நான்கு. பூச்சியொன்றைப் பங்குபோட முடியாது என்பதால் எண்பத்தேழாக மட்டந்தட்டியிருந்தார்கள்.

"எண்ணின பிள்ளை ஆர்? இஞ்சை வரட்டும்" என்றார்.

தனுசியா கொப்பியோடு மேடை ஏறினாள். அவள் 'ஒண்டு' என்று சொல்லிவிடவேண்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்திருப்பேன். மற்ற மனம் மன்னார் பஸ்ஸை நினைத்துக்கொண்டது. அவள் ஒலிவாங்கிக்கு எட்டாமல் குதிகாலை உயர்த்தி நின்று, பணிப்பாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"எழுபத்திரண்டு" என்றாள். "கரைச்சீலை இருபத்துநாலு. மஞ்சள் பத்தொன்பது. வெள்ளை பதினைஞ்சு. மற்றது பதினாலு."

நான் சுவரைப் பார்த்துச் சொன்ன அதே ஒழுங்கில் சொன்னாள். ஒன்றைக்கூட மாற்றவில்லை. கொப்பியைத் திறக்கவும் இல்லை.

கைதட்டலுக்கு நடுவே பணிப்பாளர் அம்மா பெட்டியைத் திறந்தார். ஒன்றும் பறக்கவில்லை. குலுக்கினார். கரப்பான் மட்டும் உசாராக வெளியே வந்து மேசை விரிப்புக்குக் கீழே போனது. எமில்ராஜ் கையைக் காட்ட, இரண்டு பக்கமும் தட்டோடு நின்ற பிள்ளைகள் பூவிதழ்களை அள்ளி எறிந்தார்கள், பாண்ட் அடித்தது. பெட்டிக்குள் செத்துக் கிடந்தவற்றை நான் ஒரு மூலையில் நின்று கடதாசியில் கொட்டினேன். சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

அன்று மாலையே வலயத்தின் முகநூலில் படம் வந்தது. பணிப்பாளர் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார், சுற்றிவரச் செம்பருத்தி இதழ்களும் அலரி இதழ்களும் பறக்கின்றன. தூரத்தில் பார்த்தால் நல்ல வண்ணத்துப்பூச்சிகள். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கண்ணீர் வருகிறது என்று எழுதியிருந்தார். எமில்ராஜ் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "படத்திலை எண்ணிப் பாத்தன் மாஸ்ரர், எழுபத்திரண்டுக்கு மேலை இருக்கு."

பள்ளிக்கூடத்துக்கு வலயத்தின் கேடயம் கிடைத்தது, அதிபர் அறையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னுடைய தற்காலிக இணைப்பும் இன்னொரு தவணைக்கு நீண்டது. எண்கள் ஆராய்ச்சியாளர்களுக்கும் போயின. எங்கள் பகுதியில் அந்த இனம் நன்றாகப் பெருகுகிறது என்று எங்கேயோ ஒரு வரைபடத்தில் கோடு மேலே போயிருக்கும். அதைத் திருத்தி ஒரு கடிதம் எழுத மூன்று தரம் கணினிக்கு முன்னால் இருந்தேன். மூன்று தரமும் மகளைப் பாலர் பாடசாலையில் இருந்து கூட்டி வரும் நேரம் வந்துவிட்டது.

தனுசியா அதற்குப் பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் கொப்பியோடு வருவாள். முன்னர் நடந்து முடித்துவிட்டு வருவாள், இப்போது நடக்க முன்னர் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் பென்சிலோடு நிற்பாள். நான் பரீட்சை வருகிறது, எண்ணுவதைக் கொஞ்சக் காலம் நிறுத்துவோம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பரீட்சை வந்தது. வினாத்தாள் வலயத்தில் தயாரித்தது. நான்காம் பகுதியில் ஒரு வினா: 'வெளிக்கள ஆய்வொன்றில் அவதானிப்பைத் தொடங்க முன்னர் செய்யவேண்டியவை இரண்டு தருக. 4 புள்ளி.' தனுசியாவின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

'1. எத்தனை வரவேண்டும் என்று சேரிடம் கேட்டல்.
2. பற்றைகளை வெட்டி எரித்தல்.'

சிவப்புப் பேனையை எடுத்தேன். பிறகு, வலயத்தின் விடைக்குறிப்பில் அப்படி இல்லை என்று எனக்கு நானே சொல்லி, இரண்டுக்கும் பிழை போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் தாளோடு மேசைக்கு வந்தாள். புள்ளி கேட்டு வரும் பிள்ளைகள் எப்போதும் வருகிற மாதிரித்தான். அவளுடைய முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. நாலு புள்ளி போன கவலை மட்டும் இருந்தது.

"சேர், இது ஏன் பிழை? நாங்கள் அப்பிடித்தானே செய்தனாங்கள்."

வகுப்பில் முப்பத்துநான்கு பேர். அதில் பதினொரு பேர் முதல்நாள் வாசலில் நின்று, கண்டதை எழுது என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

நான் பேனையை எடுத்து, பிழையை வெட்டி, இரண்டுக்கும் சரி போட்டேன். நாலு புள்ளியும் கொடுத்தேன்.

"மொத்தத்தையும் மாத்துங்கோ, சேர்" என்றாள்.

அறுபத்தொன்பதை எழுபத்துமூன்றாக மாற்றினேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் இருந்தாள். வகுப்பில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நான் எண்களை மாற்றுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.